புகை எந்தப் பக்கம் போனது?

அந்த மெழுகுவத்தியின் புகை எந்தப் பக்கம் போனது? மேலேயா, வாசல் பக்கமா?

என் மகள் மீனு அப்போது மூன்றரை வயதுக் குழந்தை. இப்போது கல்லூரிக்குப் போகிறாள். இத்தனை வருடங்களாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவள்போல அன்றைக்கே ஒரு பதிலைச் சொல்லிவிட்டேன் என்பதுதான் தொந்தரவு.

மேசை கண் முன்னால் நிற்கிறது. வெள்ளை விரிப்பு. அதற்கு அடியில் ஒரு பிடி காய்ந்த புல். முழங்கையை ஊன்றினால் நறநறவென்றது. நான்கு நாற்காலிகள், நாங்கள் மூன்று பேர். நான்காவது தட்டில் எல்லாப் பதார்த்தத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, ஓரத்தில் ஒரு சின்ன மெழுகுவத்தி ஏற்றியிருந்தது. ஷார்ஜாவில் ஏழாவது மாடி. டிசம்பர் என்பதால் ஏசி போடவில்லை, பால்கனிக் கதவு பாதி திறந்திருந்தது. கீழே துபாய் தேராவிலிருந்து வேலை முடிந்து திரும்பும் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் என் கணவர்.

வீட்டுக்காரி யூரத்தே சூப் எடுக்கச் சமையலறைக்குள் போனாள். மீனு தன் நாற்காலியிலிருந்து இறங்கி நான்காவது நாற்காலியில் ஏறினாள். மெழுகுவத்தியைப் பார்த்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள்.

“ஹேப்பி பர்த்டே!” என்று கைதட்டினாள்.

அந்த நொடியில்தான் புகை எழுந்திருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிண்ணத்தோடு ஒரு நடை

மீனு சாப்பிட மாட்டாள். எல்லாத் தாய்மாரும் சொல்வதுதானே என்று நினைப்பீர்கள். ஒரு கிண்ணம் பருப்புச் சாதத்துக்கு எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கிளினிக்கில் எடை போடும்போதெல்லாம் அட்டையில் அவளுடைய புள்ளி கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நர்ஸ் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் சொல்லாமல் இருப்பதையும் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

வீட்டுக்குள் ஊட்டினால் துப்புவாள் என்று காரிடாரில் ஊட்டுவேன். லிஃப்ட் பொத்தான் எரிந்தால் ஒரு வாய். அணைந்தால் ஒரு வாய். இப்படி நான் கிண்ணத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஒருநாள் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. உயரமான, வெளுத்த புருவமுள்ள ஒரு பெண் கைகட்டி நின்று பார்த்தாள்.

“தினமும் இதே நேரத்துக்கு ஓடுறே. யாருக்கு எக்ஸர்சைஸ்? உனக்கா, அவளுக்கா?”

அவள்தான் யூரத்தே. ஊர் லிதுவேனியா. கணவர் சரக்கு விமானங்களுக்கு மெக்கானிக். பாதி நாள் டியூட்டியில் இருப்பார். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. நடுநடுவே அவள் கலாஸ், மாஃபி என்று அரபியும், அச்சா என்று இந்தியும் போடுவாள். அவள் பேசியதை இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

எனக்கு லிதுவேனியா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இயற்பியலில் முதுகலை படித்தவள் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். அன்று மாலை மீனுவின் உலக உருண்டையைத் திருப்பித் திருப்பித் தேடினேன். கடைசியில், ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு அடியில் கிடைத்தது.

தாம்பாளத்தில் ஒரு ஊர்

காலையில் கணவர்கள் போனபின் அவள் என் வீட்டுக்கு வருவாள். நான் துவரம்பருப்பைத் தாம்பாளத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். பருப்பை ஒதுக்கி, நடுவில் விரலால் ஒரு கோடு கிழித்தாள்.

“இதுதான் ரோடு. ஒண்ணே ஒண்ணு.”

கோட்டின் ஒரு முனையில் என் தண்ணீர் டம்ளரை வைத்தாள். அது ஏரி. மறுமுனையில் கறிவேப்பிலையைக் குவித்தாள். அது காடு. கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு பருப்பாக வைத்துக்கொண்டே போனாள். மரக்கட்டையில் கட்டி மஞ்சள் வண்ணம் பூசிய வீடுகளாம். ஊரின் பெயரைச் சொன்னாள்; எழுத அவளிடம் அனுமதி கேட்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கேள்விகள் நிற்கவே இல்லை. கிணறு எங்கே? பள்ளிக்கூடம்? பனிக்காலத்தில் பிணத்தை எப்படிப் புதைப்பீர்கள்? நடுத்தெருவில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் பழைய வண்டிச் சக்கரத்தைக் கிடத்தி வைப்பார்களாம். நாரை வந்து அதில் கூடு கட்டும். கட்டினால் ஊருக்கு நல்லது. ஒரு வருடம் நாரை அந்தக் கம்பத்தை விட்டுவிட்டுப் பால்பண்ணைத் தகரக் கூரையில் கட்டியதாம். அந்த வருடம் பண்ணை மேலாளர் நடையே மாறிவிட்டதாம்.

“அழகான ஊர்,” என்றேன்.

“அழகா? பாதி வருஷம் சேறு, மீதி வருஷம் கொசு. பக்கத்து வீட்டு ஆள் குடிச்சா ஏரியைப் பாத்து அரசியல் பேசுவான்.”

ஏழாவது பருப்பு அவளுடைய அம்மா ஓனாவின் வீடு. அதை எடுத்துத் தாம்பாளத்துக்கு வெளியே, தரையில், தள்ளி வைத்தாள். போருக்குப் பிறகு ஒரு விடியற்காலையில் லாரி வந்ததாம். ஓனா அப்போது சிறுமி. கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு சைபீரியாவுக்கு ரயிலேறினார்கள். பல வருடம் கழித்துத் திரும்பினால், வீட்டில் வேறு குடும்பம். அவர்களையும் யாரோ அங்கே குடிவைத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையில் நீராவிக் குளியலுக்கென்று ஒரு சின்ன மரக்குடில் உண்டு. இரண்டு குளிர்காலம் ஓனாவின் குடும்பம் அந்தக் குடிலில் இருந்தது. சனிக்கிழமை குளிக்க வருகிற ஊர்க்காரர்களுக்காகப் பாத்திரம் பண்டங்களை வெளியே எடுத்துவைத்துவிட்டு, குளித்து முடித்ததும் உள்ளே எடுத்துவைப்பார்களாம்.

யூரத்தே தரையில் கிடந்த பருப்பை எடுத்து, ஏழாவது வீடு இருந்த இடத்துக்குப் பின்னால், டம்ளரை ஒட்டி வைத்தாள்.

“அப்புறம் எப்படி வீடு திரும்பக் கிடைச்சது?”

“அந்த வீட்டுப் பையனை எங்கம்மா கட்டிக்கிட்டா. அவர்தான் எங்கப்பா. யல்லா, பருப்பை எடு, உனக்குச் சாம்பார் வைக்கணுமே.”

நான் கல் பொறுக்குவதை மறந்து உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் மீனு கையை நீட்டி, தெருக்கோடி வீட்டை வாயில் போட்டுக்கொண்டாள். பச்சைப் பருப்பு, தொண்டையில் சிக்கும் என்று நான் பதறி அவள் வாய்க்குள் விரலை விட்டேன்.

“விடு, விடு. தபால்காரன் வீடு அது. அவனை யாருக்கும் பிடிக்காது.”

பன்னிரண்டு பதார்த்தம்

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ஓனா இறந்துபோனார். யூரத்தேயின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வருவதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. அவள் அழுது நான் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் காரிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் இருந்தது. அவள் கருவுற்றிருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. என்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒருநாள் கதவைத் தட்டினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அவர்களுக்குப் பெரிய விருந்தாம். கூச்சியோஸ் என்று பெயர். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்கார வேண்டும். பன்னிரண்டு பதார்த்தம், இறைச்சி, முட்டை, பால் எதுவும் கூடாது. மீன் உண்டு.

“நீ சைவம். மீனை உனக்கு எதிர்ப்பக்கம் வச்சுக்குறேன். ஒத்தைப்படையில ஆள் உட்காரக் கூடாது. அவருக்கு அன்னைக்கு டியூட்டி. நான், நீ, மீனு, அம்மா. நாலு பேர்.”

அந்த வருடம் இறந்தவருக்கு ஒரு தட்டு. அவர் வந்து உட்காருவார். விருந்து முடிந்தும் மேசையை எடுக்கக் கூடாது. இரவு ஆத்மாக்கள் சாப்பிடும். “அம்மாவைப் புதைக்கப் போகல. சாப்பாடாவது போடணும்,” என்றாள். எனக்குக் காகத்துக்குச் சோறு வைப்பது நினைவுக்கு வந்தது. சொன்னேன். “காக்கா வரலேன்னா?” என்று கேட்டாள். “வர்ற வரைக்கும் கூப்பிடுவோம்,” என்றேன்.

விரிப்புக்கு அடியில் வைக்கக் காய்ந்த புல் வேண்டும் என்று ஆடு மாடு விற்கும் சந்தைக்குப் போனோம். கடைக்காரரான பட்டாணியர், “எத்தனை ஆடு?” என்று இந்தியில் கேட்டார். யூரத்தே தனக்குத் தெரிந்ததைச் சேர்த்து, “பக்ரா மாஃபி. டேபிள்,” என்றாள். ஆடு இல்லை, மேசைக்கு என்று அர்த்தம். அவர் என்னைப் பார்த்தார். நான் மீனுவைப் பார்த்தேன். ஒரு கட்டுப் புல்லை இனாமாகவே கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்த சிக்கல் கசகசா. சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கட்டியான பிஸ்கட் சுட்டு, அதைக் கசகசாப் பாலில் ஊறவைப்பதுதான் விருந்தின் முக்கியப் பதார்த்தம். வளைகுடாவுக்குக் கசகசா கொண்டுபோனால் ஜெயில்தான் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வந்த புதிதில் எல்லோரும் சொன்ன முதல் புத்திமதி அது. என்ன செய்வது என்று இருவரும் யோசித்தோம். மாட்டுப் பால் கூடாது, ஆனால் பால்போல இருக்க வேண்டும்.

“தேங்காய்ப்பால்?” என்றேன்.

அவள் வீட்டில் யாரும் தேங்காயைப் பார்த்தே வளர்ந்ததில்லை. இருந்தாலும் சரி என்றாள். நானே இரண்டு தேங்காய் உடைத்து, அரைத்துப் பிழிந்தேன். ஊரிலிருந்து ஓனா கடைசியாக அனுப்பிய பொட்டலத்தில் நூலில் கோத்த உலர்ந்த காளான்கள் இருந்தன. ஓனா தானே காட்டில் பறித்தவை. சூப் அதில்தான்.

சமைக்கும்போது இன்னொரு கதை சொன்னாள். அவள் பள்ளியில் படித்த காலத்தில் இந்த விருந்துக்குத் தடை. திரையை இழுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். மறுநாள் ஆசிரியை வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?” என்று கேட்பார். எல்லாக் குழந்தையும், “உருளைக்கிழங்கு” என்று சொல்லும்.

“டீச்சர் வீட்டுலயும் பன்னிரண்டு பதார்த்தம். எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும்னு டீச்சருக்கும் தெரியும். உருளைக்கிழங்குன்னு எழுதிக்குவா.”

ஏழு பிஸ்கட்

மறுபடி அந்த மேசைக்கு வருகிறேன். மீனு மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். ஐயோ என்று நான் எழுந்தேன். எழுந்தவள் அப்படியே நின்றேன். ஏனென்றால் மீனு ஓனாவின் தட்டிலிருந்து தேங்காய்ப்பாலில் ஊறிய ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொன்றை எடுத்தாள்.

யாரும் ஊட்டாமல், ஓடாமல், லிஃப்ட் இல்லாமல், என் மகள் தானாகச் சாப்பிடுவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். மூன்று, நான்கு. அவள் தொண்டையில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்தவருக்கு வைத்த தட்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து. இப்போது எழுப்பினால் இனி எப்போது சாப்பிடுவாள்? ஆறு.

ஏழாவதில் யூரத்தே சூப் பாத்திரத்தோடு கதவருகில் நின்றாள். தட்டைப் பார்த்தாள். திரியைப் பார்த்தாள்.

“ஸாரி, யூரத்தே, ஸாரி. குழந்தை, தெரியாம…” என்று மீனுவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“விடு. சாப்பிடட்டும். எங்கம்மா எந்தக் குழந்தையையும் தட்டுலேர்ந்து எழுப்புனதில்ல.”

பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் போனது.

“புகை எந்தப் பக்கம் போச்சு?”

எனக்குப் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். விருந்தின் முடிவில்தான் மெழுகுவத்தியை அணைப்பார்களாம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புகையைப் பார்ப்பார்களாம். மேலே போனால் எல்லோரும் நலம். வாசல் பக்கம் போனால் அடுத்த கூச்சியோஸுக்குள் மேசையில் இருப்பவர்களில் ஒருவர் போய்விடுவார்.

“நான் உள்ளே இருந்தேன். நீ இங்கதானே இருந்தே. வாசல் பக்கமா?”

பால்கனிக் கதவு எனக்கு இடதுபக்கம் திறந்திருந்தது. வாசல் வலதுபக்கம். காற்று இருந்ததா? தெரியாது. அவள் கை வயிற்றிலேயே இருந்தது.

“மேலே,” என்றேன்.

“நேராவா?”

“நேரா.”

“பாத்தியா நீ?”

“பாத்தேன்.”

அவள் தலையை ஆட்டினாள். சூப்பை ஊற்றினாள். மூன்று கரண்டி குடித்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்து, மேசையில் தலை சாய்த்து அழுதாள். அம்மா இறந்தபின் முதல்முறையாக. மீனு அவள் தலையில் ஒரு பிஸ்கட்டை வைத்தாள்.

என் வீட்டில் ஒரு சோதனை

மறுநாள் காலையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் இருவர் வீடும் ஒரே அமைப்பு, இடம் வலமாக மாறியிருக்கும், அவ்வளவுதான். மேசையை அதே இடத்துக்கு நகர்த்தினேன். பால்கனிக் கதவை அதே அளவு திறந்தேன். மெழுகுவத்தியை ஏற்றி, குனிந்து, மீனுவின் உயரத்திலிருந்து ஊதினேன். புகை ஒரு சாண் உயரம் நேராக எழுந்து, பின் வாசலை நோக்கி வளைந்தது. மறுபடி ஏற்றினேன். இம்முறை சமையலறைப் பக்கம் போனது. மூன்றாம் முறை மேலே போய், எங்கேயும் போகாமல் கலைந்தது.

குளித்துவிட்டு வந்த கணவர் நின்று பார்த்தார்.

“என்ன, கரண்ட் போயிட்டா?”

“இல்லங்க. புகை பாக்கேன்.”

“பாரு, பாரு. எம்.எஸ்ஸி. வீணாப் போகக் கூடாதுல்லா,” என்று சட்டை மாட்டப் போய்விட்டார்.

எனக்கு விளையாட்டாக இல்லை. நான்கு பேர் உட்கார்ந்த மேசை. ஒருவர் ஏற்கெனவே இறந்தவர். மீதி யூரத்தே, நான், மீனு. யூரத்தேயின் வயிற்றில் இருப்பதையும் கணக்கில் சேர்ப்பதா? படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்று ஒரு பக்கம். நம்பாதவள் ஏன் பொய் சொன்னாய் என்று இன்னொரு பக்கம்.

பாளையங்கோட்டையில் இருக்கும் அக்காவுக்குப் போன் கார்டு போட்டுப் பேசினேன்.

“ஏட்டி, செத்தவளுக்கு வச்ச தட்டுலயா புள்ளைய உக்கார வச்சே?” என்று முதலில் கத்தினாள். முழுக்கக் கேட்டபின் தணிந்தாள். “மேலதான் போச்சுன்னு சொல்லிட்டேல்லா. இனி நீ பாத்ததுதான். வாய மூடிக்கிட்டு இரு.”

இருந்தேன். ஐந்து மாதம் யூரத்தே படியேறினாலும், தும்மினாலும் நான் ஓடிப்போய் நிற்பேன். மீனுவுக்குச் சாதாரணச் சளி வந்ததற்கு இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. ஓனா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த கூச்சியோஸுக்கு மேசையில் எல்லோரும் இருந்தோம். ஒருவரும் போகவில்லை. மீனு மட்டும் பழையபடி பருப்புச் சாதத்தைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு பக்கம் கேட்டு வந்த கடிதம்

அதற்குப் பிறகு சில வருடங்களில் வேலைகள் குறைந்தன. கட்டடத்தின் கார் நிறுத்துமிடம் காலியாகிக்கொண்டே வந்தது. யூரத்தே குடும்பம் கிளம்பியது. அவள் ஊரில் இருந்தவர்களெல்லாம் அயர்லாந்து, நார்வே என்று போய்க்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் மட்டும் அந்த ஏழாவது வீட்டைத் திறந்து அடுப்பு மூட்டினார்கள். விமான மெக்கானிக் டிராக்டர் பழுது பார்க்கிறார். ஊர்ப் பள்ளி, பிள்ளைகள் இல்லாமல் மூடிக்கிடந்தது. யூரத்தே அதன் ஒரு வகுப்பறையில் பழைய போட்டோக்களையும், சைபீரியாவிலிருந்து வந்த மரக்கரண்டியையும், பண்ணையின் பால் கேன்களையும் சேர்த்து வைத்தாள். இப்போது அந்த ஊரின் கதையை வீடு வீடாக எழுதிப் புத்தகமாகப் போடப் போகிறாளாம். தபால்காரர் வீடு உட்பட.

போன மாதம் அவளிடமிருந்து மின்னஞ்சல். ஏழாவது வீட்டுக்கு ஒரு பக்கம் நான் எழுத வேண்டும் என்கிறாள். தமிழிலேயே எழுதலாம், பக்கத்தில் அவர்கள் மொழியில் போடுவார்களாம். அவள் எழுதியதை அப்படியே சொல்கிறேன்:

“அம்மாவுக்கு நான் செய்த ஒரே சடங்கு அதுதான். அதற்கு ஒரே சாட்சி நீ. வருடாவருடம் சின்ன ஓனாவிடம் சொல்கிறேன்: உன் பாட்டியின் புகை நேராக மேலே போனது, ஒரு தமிழ்ப் பெண் பார்த்தாள் என்று. அந்தத் தைரியத்தில்தான் இந்த வீட்டைத் திறந்தேன். நீ பார்த்ததை மட்டும் எழுது. போதும்.”

நான் பார்த்ததை மட்டும்.

மீனுவிடம் கேட்டேன். உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, புகை, மெழுகுவத்தி? “கோகனட் மில்க் ஞாபகம் இருக்கும்மா. வேற எதுவும் இல்ல,” என்றாள். கணவர், “மேலன்னு எழுதிட்டுப் போயேன்,” என்கிறார். அக்கா சொன்னதையே சொல்கிறாள்.

அவளுக்காக மட்டும் என்றால் எழுதிவிட்டிருப்பேன். ஆனால் அது ஒரு ஊரின் வரலாறு. லாரி வந்தது நிஜம், குளியல் குடிலில் இரண்டு குளிர்காலம் இருந்தது நிஜம், திரைக்குப் பின்னால் பன்னிரண்டு பதார்த்தம் நிஜம். அவற்றுக்கு நடுவில், ஷார்ஜாவில் நான் சொன்ன ஒரு வார்த்தை. உண்மையை எழுதலாம் என்றால், அந்த மேசையில் தலை சாய்த்து அழுத முகம் நினைவுக்கு வருகிறது. அவள் வருடக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருப்பதை நான் ஏன் பிடுங்க வேண்டும்? சில சமயம் இப்படியும் தோன்றுகிறது: அந்தக் கதையை எனக்கு முன்கூட்டியே சொன்னவள் அவள்தானே. வகுப்பில் எழுந்து உருளைக்கிழங்கு என்று சொன்ன குழந்தை அவள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்திருக்காதா?

ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். புல், கசகசா, தேங்காய்ப்பால், காளான், மீனு தின்ற ஏழு பிஸ்கட், எல்லாம் வந்துவிட்டது. புகை வர வேண்டிய இடத்தில் ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது. நாரைகள் திரும்பி வந்ததும் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். அவை இந்நேரம் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிவிட்டிருக்கும்.

இந்தத் தொடரைப் படிப்பவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறீர்கள். ஊரில் நடந்த சாவுக்குப் போக முடியாமல் வெளிநாட்டில் உட்கார்ந்திருந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். அந்த வரியில் நான் என்ன எழுதட்டும்? பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். “மேலே” என்று ஒரே வார்த்தை எழுதினாலும் சரி, “தெரியாது” என்று எழுதினாலும் சரி. ஏன் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், எனக்குக் கொஞ்சம் உதவியாக இருக்கும்.